டெக்னிக்கல் ரைட்டர்களுக்கு இரண்டு நாள் ஒர்க்‌ஷாப்: எதில் பணம் போடுவது? (டர்பன், தென்னாப்பிரிக்கா)

உம்லாங்கா கவி | திங்கள், காலை 8:40

எல்லோருக்கும் வணக்கம். உம்லாங்காவில் கிடங்கு மென்பொருள் செய்கிற ஒரு நிறுவனத்தில் டாக்குமெண்டேஷன் குழுவை, அதாவது கையேடும் உதவிப் பக்கங்களும் எழுதுகிற குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். என்னையும் சேர்த்து நாலு பேர். இரண்டு பேர் இங்கே இந்திய வம்சாவளியினர் நிறைய இருக்கும் ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த் பக்கம் பிறந்து வளர்ந்தவர்கள், ஒருவர் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து வரும் ஜூலு தம்பி, நான் திருநெல்வேலி. யாரும் இந்த வேலைக்கென்று படித்துவிட்டு வந்தவர்கள் இல்லை. ஒருவர் பத்திரிகையிலிருந்து வந்தார், ஒருவர் சப்போர்ட்டிலிருந்து.

மேனேஜர் கூப்பிட்டு, "பயிற்சிக்குப் பணம் ஒதுக்கியாயிற்று, இரண்டு நாள் ஒர்க்‌ஷாப் ஒன்று பார்" என்றார். நாமாகக் கேட்டால் கிடைக்காது, அவர்களாகத் தரும்போது வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். கையில் மூன்று கொட்டேஷன் இருக்கிறது. ஒன்று, நாங்கள் பயன்படுத்தும் ஹெல்ப் எழுதும் மென்பொருளுக்கான அட்வான்ஸ்டு வகுப்பு. இருப்பதிலேயே விலை கூட. இரண்டாவது, சென்னையிலிருந்து ஜூமில் எடுப்பவர், அதில் பாதி விலை, ஆனால் பாடத்திட்டம் அனுமார் வால். மூன்றாவது, ஜோஹன்னஸ்பர்க்கில் எளிய மொழிப் பயிற்சி தரும் ஓர் அம்மா. நேரில் வருவார், விமானமும் ஹோட்டலும் நம் தலையில்.

எங்கள் நோவு என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். "ஸ்டாக் சரிசெய்தல்" என்று ஒரு பக்கம் இருக்கிறது, இந்தக் குழு உருவாவதற்கு முன்பே யாரோ எழுதியது. அதில் ஏழாவது படியில்தான் "இதற்கு சூப்பர்வைசர் ஒப்புதல் முன்பே பெற்றிருக்க வேண்டும்" என்று வரும். அதற்குள் கிளார்க் ஆறு படியை முடித்து, ஸ்கேனரில் சிவப்புப் பட்டை வந்து, சப்போர்ட்டுக்குப் போன் அடித்திருப்பார். இந்த மாதிரிப் பக்கங்கள் நிறைய. இதைச் சரிசெய்யக் கற்றுத்தருகிற ஒர்க்‌ஷாப் எது?

---

கேப்டவுன் அரவிந்த் | திங்கள், காலை 9:05

கவி அக்கா, முதல் கொட்டேஷனைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளுங்கள். மென்பொருள் விற்றவர்களே வீடியோ போட்டு வைத்திருப்பார்கள். எந்தப் பட்டன் எங்கே என்பதைத் தேவைப்படும்போது தேடிக்கொள்ளலாம். அதுவும் அடுத்த வருடம் நிர்வாகம் வேறு கருவிக்கு மாறினால் போட்ட பணம் கோவிந்தா. எங்கள் குழுவே இப்போது மார்க்டவுன் என்ற எளிய உரை வடிவத்தில் எழுதி, டெவலப்பர்கள் கோடு சேமிக்கிற கிட்டில் போட்டு, டெவலப்பர்கள் கோடு ரிவ்யூ செய்கிற அதே இடத்தில் ரிவ்யூ வாங்குகிறது. முன்பு கற்ற கருவியில் ஒன்றுகூட இங்கே பயன்படவில்லை.

நீங்கள் சொன்ன ஏழாவது படிப் பிரச்சினை எழுத்து நடைப் பிரச்சினை இல்லை, அமைப்புப் பிரச்சினை. டானியேல் ப்ரோசிடா வகுத்த டயாடாக்சிஸ் முறையைப் பாருங்கள், இணையத்தில் இலவசம். ஆவணங்களை நாலாகப் பிரிக்கிறார்: புதியவரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகும் பாடம், ஒரு வேலையை முடிக்க வழிகாட்டும் குறிப்பு, பார்த்துத் தெரிந்துகொள்ளும் விவரப் பட்டியல், ஏன் இப்படி என்று சொல்லும் விளக்கம். உங்கள் பக்கத்தில் இந்த நாலும் குழம்பிக் கிடக்கும், பந்தயமே கட்டுகிறேன். விளக்கத்தை வெளியே எடுத்தால் ஒப்புதல் சமாச்சாரம் தானாக மேலே வந்து நிற்கும்.

அப்புறம் கூகிள் தன் ஊழியர்களுக்கு நடத்திய டெக்னிக்கல் ரைட்டிங் ஒன், டூ வகுப்புகளை 2020-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. தனியாகப் படிக்கிற பகுதி மட்டும் இல்லை, வகுப்பு நடத்துகிறவருக்கான ஸ்லைடும் குறிப்பும்கூட உண்டு. இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்துகிற பயிற்சிகள் நன்றாக இருக்கும். இதற்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

---

ரஸ்டன்பர்க் முருகன் | திங்கள், பகல் 12:20

அரவிந்த் தம்பி சொல்வது மென்பொருளுக்குச் சரி. நான் சுரங்க இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுகிறவன். எங்கள் பக்கம் ஒரு படி மாறினால் சிவப்புப் பட்டை வராது, ஆளுக்குக் கை போகும். 1996-ன் சுரங்கப் பாதுகாப்புச் சட்டத்தில் 21-ஆம் பிரிவு, இயந்திரம் செய்கிறவர், விற்கிறவர் மீதே பொறுப்பு வைக்கிறது. அதனால் "சுவையாக எழுதுவது எப்படி" வகை ஒர்க்‌ஷாப்புக்கு எங்களை யாரும் அனுப்ப மாட்டார்கள்.

எங்களுக்கு உதவியது விதிப் பயிற்சிதான். விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக ஐரோப்பாவில் 1980-களில் தொடங்கிய எளிமைப்படுத்திய தொழில்நுட்ப ஆங்கிலம், இப்போது ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்ற பெயரில் இருக்கிறது. கேட்டால் இலவசமாகவே தருகிறார்கள். செயல்முறை வாக்கியத்தில் 20 சொல்லுக்கு மேல் கூடாது, விவரிக்கும் வாக்கியத்தில் 25. ஒரு வாக்கியத்தில் ஒரே கட்டளை. பெயர்ச்சொற்களை மூன்றுக்கு மேல் வால் பிடித்து அடுக்கக்கூடாது. அனுமதித்த பொதுச் சொற்கள் சுமார் 900 மட்டும், துறைச் சொற்களைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒர்க்‌ஷாப்பில் எங்களிடம் கொடுத்த வாக்கியம் ஏறக்குறைய இப்படி இருந்தது: "ஹைட்ராலிக் குழாயைக் கழற்றும்போது அமைப்பிலுள்ள அழுத்தம் முழுமையாக வெளியேற்றப்பட்டிருப்பது உறுதிசெய்யப்பட வேண்டும்." படிக்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. யார் உறுதிசெய்ய வேண்டும்? எதைப் பார்த்து? கழற்றும்போதா, கழற்றும் முன்பா? அரைமணி நேரம் அடித்துப் பிடித்து இப்படி மாற்றினோம்: "இன்ஜினை அணைக்கவும். பிரஷர் வெளியேற்றும் வால்வைத் திறக்கவும். கேஜ் பூஜ்யம் காட்டும்வரை காத்திருக்கவும். குழாயைக் கழற்றவும்." எச்சரிக்கை இதற்கு மேலே வரும், கீழே இல்லை. அப்போதுதான் எங்கள் இன்ஜினீயர் சொன்னார், அந்த மாடலில் கேஜ் இருக்கிற இடத்தை ஆபரேட்டர் நிற்கிற பக்கத்திலிருந்து பார்க்கவே முடியாது என்று. பழைய வாக்கியம் அதையெல்லாம் மூடி மறைத்துக்கொண்டிருந்தது.

விதி கசப்பாகத்தான் இருக்கும். ஆனால் நாலு பேர் எழுதினாலும் ஒருவர் எழுதியது போல வரும்.

---

சாண்ட்டன் பானு | திங்கள், மாலை 5:50

முருகன் அண்ணன் சட்டம் என்றதும் எனக்குக் கை துறுதுறுக்கிறது. இன்ஷூரன்ஸ், கடன் ஆவணங்களை எளிமைப்படுத்துவது என் வேலை. கவி, உங்கள் மேனேஜரிடம் எழுத்துப் பயிற்சிக்கு வாதாட வேண்டுமானால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்து வையுங்கள். 2008-ன் 68-ஆம் சட்டம், 2011-ல் முழுதாக நடைமுறைக்கு வந்தது. 22-ஆம் பிரிவு எளிய மொழி பற்றியது. யாருக்காக எழுதுகிறோமோ அந்த வகையைச் சேர்ந்த, சராசரி எழுத்தறிவும் மிகக் குறைந்த நுகர்வோர் அனுபவமும் உள்ள ஒருவர், அதிகம் சிரமப்படாமல் புரிந்துகொள்ள வேண்டும் என்கிறது. சொல், வாக்கிய அமைப்பு மட்டும் இல்லை, தலைப்பு, படம், எடுத்துக்காட்டு எல்லாம் கணக்கில் வரும். தேசியக் கடன் சட்டத்தின் 64-ஆம் பிரிவும் கிட்டத்தட்ட இதேதான்.

61-ஆம் பிரிவைப் பலரும் கவனிப்பதில்லை. போதாத வழிமுறையாலோ எச்சரிக்கையாலோ ஒருவருக்குத் தீங்கு வந்தால், தயாரித்தவர், இறக்குமதி செய்தவர், விற்றவர் என்று எல்லோரும் பொறுப்பு. கையேடும் பொருளின் ஒரு பாகம் என்று ஆகிவிடுகிறது. உங்கள் கிடங்கு மென்பொருள் நிறுவனங்களுக்கு விற்பது, இந்தச் சட்டம் அப்படியே பொருந்துமா என்று வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் மேலிடத்தில் காது கொடுக்க வைக்க இது போதும்.

இன்னொன்று. நம்மூர் நிலவரத்தையும் பாருங்கள். 2022 கணக்கெடுப்பில் வீட்டில் ஆங்கிலம் பேசுபவர்கள் 8.7 சதவீதம், ஜூலு 24.4 சதவீதம். உங்கள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநருக்கு ஆங்கிலம் இரண்டாவது மொழியோ மூன்றாவதோ. அமெரிக்கப் பாடத்திட்டத்தில் வருகிற வாசிப்பு எளிமை மதிப்பெண்ணை மட்டும் நம்பாதீர்கள். அந்தச் சூத்திரம் சொல்லின் நீளத்தையும் வாக்கிய நீளத்தையும் எண்ணும், அவ்வளவுதான். ஒப்புதல் ஏழாவது படியில் இருந்தால் அதற்குத் தெரியாது.

---

பிரிட்டோரியா ஜெய் | திங்கள், இரவு 9:15

கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். பக்கத்தை ஏஐயிடம் கொடுத்து "எளிமையாக்கு" என்றால் பத்து நொடியில் தந்துவிடுகிறது. முருகன் அண்ணன் சொன்ன எஸ்டிஇ விதியைக்கூடச் சொல்லிக் கொடுக்கலாம். இரண்டு நாள் நாலு பேரை உட்காரவைப்பது ஏன்?

---

கேப்டவுன் அரவிந்த் | திங்கள், இரவு 9:40

நாங்களும் தினமும் பயன்படுத்துகிறோம், மறுக்கவில்லை. முருகன் அண்ணன் சொன்ன கேஜ் ஆபரேட்டரின் கண்ணில் படாது என்பது ஏஐக்கு எங்கிருந்து தெரியும்? கொடுத்த வாக்கியத்தை வழவழவென்று ஆக்கித் தரும். அந்த வழவழப்பில் ரிவ்யூ பண்ணுகிறவரும் ஏமாந்து "நன்றாக இருக்கிறதே" என்று ஓகே போட்டுவிடுவார்.

---

சாண்ட்டன் பானு | திங்கள், இரவு 9:52

வாடிக்கையாளர் பெயர் இருக்கிற ஸ்கிரீன்ஷாட்டை அப்படியே அதில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தனிநபர் தகவலைக் காக்கும் போப்பியா சட்டம் 2021 ஜூலையிலிருந்து பல்லோடு இருக்கிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒர்க்‌ஷாப்பில் காட்டுகிற மாதிரிப் பக்கத்துக்கும் இதே எச்சரிக்கைதான்.

---

நார்த் கோஸ்ட் ஃபிட்டர் | செவ்வாய், காலை 6:30

வணக்கம் பிள்ளைகளே. நான் டோங்காட்காரன். தமிழ் சின்ன வயதில் கோயில் பள்ளியில் கற்றது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்தாளன் இல்லை. சர்க்கரை ஆலையில் ஃபிட்டர், ஓய்வு பெற்றுவிட்டேன். நீங்கள் எழுதுவதைப் படிக்கிற பக்கத்து ஆள்.

எங்கள் ஆலையில் கையேடு இன்ஜினீயர் அறை அலமாரியில் இருக்கும். சாவி அவரிடம். ராத்திரி ஷிப்டில் பம்ப் நின்றால் அவரை எழுப்ப வேண்டும். யார் எழுப்புவது? அதனால் எங்களில் ஒருவர் நோட்டு வைத்திருந்தார். எண்ணெய் படிந்த பழைய நோட்டு. ஒவ்வொரு பம்புக்கும் ஒரு பக்கம், கையால் போட்ட படம். எந்த போல்ட்டை முதலில் தளர்த்த வேண்டும், எது இறுகிப் பிடித்துக்கொள்ளும், எந்த கேஸ்கெட் ஸ்டோரில் வேறு நம்பரில் இருக்கிறது, எல்லாம் இருக்கும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஆலை ஓடாது, அப்போதுதான் எல்லாவற்றையும் பிரித்து மாட்டுவோம். புதிய பையன்கள் அந்த மாதங்களில் அவர் நோட்டைப் பார்த்துத் தங்கள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். இன்ஜினீயருக்கு அந்த நோட்டைப் பற்றித் தெரியாது. தெரிந்தாலும் தெரியாத மாதிரி இருந்தார்.

உங்கள் கிடங்கிலும் ஒருவர் நோட்டு வைத்திருப்பார். இல்லாவிட்டால் போனில் போட்டோ எடுத்து வைத்திருப்பார். அவரைக் கண்டுபிடியுங்கள். பாடம் எடுக்க வருகிறவரைவிட அவர் முக்கியம்.

---

உம்லாங்கா கவி | செவ்வாய், காலை 8:10

ஐயா, நீங்கள் சொன்னதும் சப்போர்ட்டிலிருந்து வந்த எங்கள் குழு அக்காவிடம் கேட்டேன். சிரிக்கிறார். பைன்டவுனில் ஒரு கிடங்கில் ஸ்கேனர் வைக்கும் மேசைக்கு மேல் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறதாம். மார்க்கரில் எழுதியது. "முதலில் சூப்பர்வைசர். அப்புறம் ஸ்கேன்." அவ்வளவுதான். எங்கள் பக்கத்தின் ஏழு படிக்கும் அதுதான் மருந்து, ஒட்டினவர் யார் என்று இனித்தான் விசாரிக்க வேண்டும்.

---

வேளச்சேரி ஸ்ரீ | செவ்வாய், காலை 9:30

சென்னையிலிருந்து எழுதுகிறேன். இந்தப் பயிற்சித் தொழிலில்தான் இருக்கிறேன். கவியிடம் இருக்கும் கொட்டேஷன் என்னுடையது இல்லை, அதனால் தாராளமாகப் பேசலாம்.

உள்விவகாரம் சொல்கிறேன். எங்களில் பலரும் ஒரே ஸ்லைடு தொகுப்பை வைத்துக்கொண்டு வங்கிக்கும் ஓட்டுகிறோம், பம்ப் கம்பெனிக்கும் ஓட்டுகிறோம். புதிதாகத் தயாரிக்க நாள் பிடிக்கும், அந்த நாளுக்கு யாரும் பணம் தர மாட்டார்கள். எனவே கொட்டேஷன் கேட்கும்போதே தயாரிப்பு நாளுக்குத் தனியாக ஒரு தொகை வையுங்கள். "வகுப்புக்கு முன் எங்கள் பக்கங்கள் நாலைந்து அனுப்புகிறோம், படித்துக் குறிப்பெழுதிக்கொண்டு வர வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். ஒப்புக்கொள்கிறவரிடம் சரக்கு இருக்கிறது. "எங்கள் பாடத்திட்டம் எல்லாத் துறைக்கும் பொதுவானது" என்று நழுவினால் விட்டுவிடுங்கள்.

பாடத்திட்டத்தைப் பார்த்தும் கொஞ்சம் கணிக்கலாம். முதல் நாள் காலை முழுக்க "தகவல் தொடர்பு என்றால் என்ன", "நல்ல எழுத்தாளரின் குணங்கள்" என்று போனால், மதியச் சாப்பாடு வரை காலத்தை ஓட்டுகிறார் என்று பொருள். பன்னிரண்டு பேருக்கு மேல் உட்காரவைத்தால் ஒவ்வொருவர் எழுத்தையும் பார்க்க யாராலும் முடியாது. உங்களுக்கு நாலே பேர் என்பது வரம். சான்றிதழ் ஆசை காட்டினால் ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்காவின் எஸ்டிசி, 1953-லிருந்து இருந்த டெக்னிக்கல் கம்யூனிகேஷன் சங்கம், 2025 ஜனவரியில் திவாலாகி மூடிவிட்டது. இன்னும் அதன் பெயரைப் போட்டு விளம்பரம் செய்பவர்களைக் கண்டால் தள்ளி நில்லுங்கள்.

ஃபிட்டர் ஐயா சொன்ன விஷயத்துக்கு ஒரு பின்கதை உண்டு. 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் ஜான் கரோலும் உடன் இருந்தவர்களும், வேர்ட் பிராசசர் கற்க வந்த அலுவலகப் பணியாளர்களைக் கூடவே இருந்து கவனித்தார்கள். கையேட்டை வரிசையாக யாரும் படிக்கவில்லை. நடுவில் தாவினார்கள், தட்டிப் பார்த்தார்கள், மாட்டிக்கொண்டார்கள், வெளியே வர வழி தேடினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் குறைவாக எழுது, வேலையை உடனே தொடங்க விடு, மாட்டிக்கொண்டால் மீள வழி சொல் என்கிற கொள்கை. எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் இதைப் பற்றி ஒரு ஸ்லைடு இருக்கும். அவர்கள் செய்ததைச் செய்து பார்க்கிற ஒர்க்‌ஷாப்தான் அபூர்வம்.

---

ரஸ்டன்பர்க் முருகன் | செவ்வாய், பகல் 1:00

ஸ்ரீ சார், கவனிப்பது நல்லதுதான். ஆனால் கவனித்துவிட்டு வந்து என்ன எழுதுவார்கள்? வாக்கியம் கட்டத் தெரியாதவர் ஆயிரம் பேரைக் கவனித்தாலும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். முதலில் விதி, அப்புறம் வாசகர். நான் இந்தப் பக்கம்தான் நிற்பேன்.

---

வேளச்சேரி ஸ்ரீ | செவ்வாய், பகல் 1:25

உங்கள் கேஜ் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள் சார். கேஜ் என்று எழுத வைத்தது விதி, ஒத்துக்கொள்கிறேன். அது தெரியாத இடத்தில் இருக்கிறது என்று சொன்னது மேசையில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதர். அவர் அன்று லீவு போட்டிருந்தால்?

---

ரஸ்டன்பர்க் முருகன் | செவ்வாய், பகல் 1:31

சரி, அது நியாயம். ஆனாலும் விதியை விட மாட்டேன்.

---

செட்டா சரவணன் | செவ்வாய், மாலை 4:40

எழுத்து பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. சம்பளக் கணக்கும் பயிற்சிக் கணக்கும் பார்க்கிறவன். பணம் பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன்.

வருடச் சம்பளப் பட்டியல் 5 லட்சம் ராண்டைத் தாண்டுகிற எந்த நிறுவனமும் சம்பளத்தில் 1 சதவீதம் திறன் மேம்பாட்டு லெவி கட்டியே ஆக வேண்டும். மாதாமாதம் வரித்துறையான சார்ஸுக்குப் போகும் பணம். வருடாந்திரப் பயிற்சித் திட்டமும் போன வருட அறிக்கையும் ஏப்ரல் 30-க்குள் உங்கள் செட்டாவில் (ஒவ்வொரு துறைக்கும் இருக்கிற பயிற்சி ஆணையம்) தாக்கல் செய்தால், கட்டியதில் 20 சதவீதம் திரும்ப வரும். உதாரணமாக மாதச் சம்பளம் மொத்தம் 20 லட்சம் ராண்ட் என்றால் வருட லெவி 2,40,000 ராண்ட். திரும்புவது 48,000. உங்கள் மேனேஜர் "பணம் இருக்கிறது" என்று திடீரென்று சொன்னதன் பின்னால் இதுதான் இருக்கும். மென்பொருள் என்றால் பெரும்பாலும் எம்ஐசிடி செட்டா, எதற்கும் ஹெச்ஆரில் கேளுங்கள். ஒர்க்‌ஷாப்பைத் திட்டத்தில் பெயர் போட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். வருகைப் பதிவு, ரசீது, பாடத்திட்டம் மூன்றையும் பத்திரமாக வையுங்கள். அடுத்த வருட அறிக்கைக்கு அதுதான் ஆதாரம்.

இன்னொரு கணக்கும் ஓடும், பிபிபிஇஇ மதிப்பெண், அதாவது கறுப்பினத்தவரின் பொருளாதார முன்னேற்றத்துக்கு நிறுவனம் செய்வதற்குக் கிடைக்கும் மதிப்பெண். கறுப்பினத்தவர் என்று சட்டம் சொல்வதில் இந்திய வம்சாவளித் தென்னாப்பிரிக்கர்களும் வருவார்கள், அதனால் உங்கள் குழுவில் மூன்று பேருக்கான செலவு கணக்கில் ஏறும். விசாவில் இருக்கிற உங்களுக்கான செலவு ஏறாது. 1994 ஏப்ரல் 27-க்குப் பிறகு குடியுரிமை வாங்கியவர்களுக்கும் பொதுவாக இதே கதி. இதைக் காரணம் காட்டி "கவி மட்டும் வெளியே இருக்கட்டும்" என்று யாராவது கிளம்பினால் விடாதீர்கள். நாலு பேருக்கு நடத்தினாலும் மூன்று பேருக்கு நடத்தினாலும் பயிற்சியாளர் வாங்குகிற தொகை ஒன்றுதான்.

---

உம்லாங்கா கவி | செவ்வாய், இரவு 8:20

சரவணன் அண்ணா, நீங்கள் சொன்னது போலவே இன்று ஹெச்ஆரில் அந்தப் பேச்சு வந்தது! உங்கள் கடைசி வரியை அப்படியே திருப்பிச் சொன்னேன். வாயடைத்துவிட்டார்கள்.

நேரத்தையும் பார்த்தேன். சென்னை வகுப்பு அங்கே காலை 10 மணி என்றால் இங்கே 6:30. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற நேரம், இரண்டு பேர் அழுவார்கள். ஜோஹன்னஸ்பர்க் அம்மாவிடம் ஸ்ரீ சார் சொன்ன கேள்வியைக் கேட்டுவிட்டேன். "பக்கங்களை அனுப்புங்கள், தயாரிப்புக்கு ஒரு நாள் கட்டணம் தாருங்கள்" என்று உடனே பதில். ஆனால் இரண்டு நாளை ஒரே நாளாகக் குறைக்கவும் சம்மதித்தார், இது நான் எதிர்பார்க்காதது.

எனவே இப்படி யோசிக்கிறேன். முதல் நாளை நாங்களே நடத்துவோம். காலையில் கூகிள் ஸ்லைடுகளை வைத்துப் பயிற்சி, மதியம் டயாடாக்சிஸ் கண்ணாடி போட்டு எங்கள் பக்கங்களைப் பிரித்துப் போடுவது. முருகன் அண்ணனுக்காக வாக்கிய விதி கொஞ்சம், 20 சொல்லும் ஒரு கட்டளையும் மட்டும். இரண்டாவது நாள் அந்த அம்மா, கூடவே கிடங்கிலிருந்து இரண்டு பேர். அவர்களை வைத்து என்ன செய்வது என்பதுதான் எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. வெறுமனே உட்கார்ந்து எங்கள் பேச்சைக் கேட்டால் தூங்கிவிடுவார்கள்.

---

சாண்ட்டன் பானு | செவ்வாய், இரவு 9:30

இது நான் அடிக்கடி செய்வது, சொல்கிறேன்.

நாள் முழுக்க அவர்களை வைக்காதீர்கள். காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம் போதும். காலையில் பழைய பக்கம். ஸ்கேனரையும் டெஸ்ட் டேட்டாவையும் கொடுத்து, "இந்தப் பெட்டியில் 12 இருக்க வேண்டும், 10 தான் இருக்கிறது, சரிசெய்யுங்கள்" என்று வேலையை மட்டும் சொல்லுங்கள். பக்கத்தைப் படிக்கச் சொல்லாதீர்கள். படிக்கத் தோன்றினால் அவர்களே படிப்பார்கள். மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். ஜூலுவில் சொன்னால் இன்னும் நல்லது, உங்கள் தம்பி இருக்கிறாரே. நீங்கள் யாரும் வாய் திறக்கக் கூடாது. இது இருப்பதிலேயே கஷ்டமான பயிற்சி. எழுதினவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, வாசகர் தவறான பட்டனை நோக்கி விரலைக் கொண்டுபோவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். கை தன்னாலே நீளும். நான் எல்லோரையும் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

மதியம் அந்த அம்மாவோடு பக்கத்தைத் திருத்துங்கள். மாலையில் இரண்டாவது ஆளிடம் புதிய பக்கம். காலையில் பார்த்தவரிடமே காட்டாதீர்கள், அவருக்கு இப்போது வேலை தெரிந்துவிட்டது.

நேரம் மிஞ்சினால் விடுபட்ட சொல் பயிற்சி ஒன்று செய்யலாம். ஒரு பத்தியில் ஐந்து சொல்லுக்கு ஒன்றை அழித்துவிட்டு நிரப்பச் சொல்வது. வில்சன் டெய்லர் 1953-ல் கொண்டுவந்த முறை, க்ளோஸ் டெஸ்ட் என்பார்கள். பத்தி புரிந்தால் பெரும்பாலும் சரியாக நிரப்புவார்கள். ஆனால் உழைப்பாளிகளிடம் இது பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி ஆகிவிடும், முகம் சுருங்கும். உங்கள் அலுவலக ஆட்களிடம் செய்து பாருங்கள். கிடங்கு ஆட்களிடம் வேண்டாம்.

---

பிரிட்டோரியா ஜெய் | செவ்வாய், இரவு 10:05

இரண்டே பேரை வைத்து என்ன தெரியும்? மாதிரி அளவு போதாதே.

---

வேளச்சேரி ஸ்ரீ | புதன், காலை 6:00

கருத்துக்கணிப்பு நடத்துவதானால் போதாது. குழி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முதல் ஆள் விழுந்தாலே போதும். ஐந்து பேரை வைத்தால் பெரும்பாலான குறை வெளிப்படும் என்பது பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் நீல்சன் சொல்லிப் பிரபலமான கணக்கு. அதையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை, ரிலீஸுக்கு இரண்டு பேர் என்று பழக்கமாக்கிக்கொள்ளலாம். ஒர்க்‌ஷாப்பின் லாபமே அந்தப் பழக்கம் தொடங்குவதுதான் என்பேன்.

---

நார்த் கோஸ்ட் ஃபிட்டர் | புதன், காலை 6:45

மகளே கவி, இரண்டு விஷயம்.

அந்த இரண்டு பேருக்குச் சம்பளம் உண்டா? எங்கள் காலத்தில் "கொஞ்சம் வந்து சொல்லு" என்று கூப்பிடுவார்கள். ஷிப்ட் முடிந்து குளித்துவிட்டுப் போய் நிற்போம். டீ கொடுப்பார்கள். அவ்வளவுதான்.

தேதி பார்த்து வையுங்கள். புனித வெள்ளி வாரத்தில் வைத்தால் பாதிப் பேர் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் இருப்பார்கள். என்னையும் சேர்த்துத்தான்.

---

செட்டா சரவணன் | புதன், காலை 8:00

ஐயா சொல்வது சரி. ஓய்வு நாளில் கூப்பிட்டால் ஓவர்டைம் கணக்கு வரும். ஷிப்ட் நேரத்திலேயே அனுப்பச் சொல்லி வாடிக்கையாளர் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். அந்த நேரத்துச் சம்பளத்தை நீங்கள் ஈடுகட்டுவதாகச் சொன்னால் மறுக்க மாட்டார்கள். போக்குவரத்துக்கும் சேர்த்து ஒரு தொகை வையுங்கள், டாக்ஸி ரேங்கிலிருந்து உம்லாங்கா ரிட்ஜ் வர அவர்களுக்கு இரண்டு வண்டி மாற வேண்டியிருக்கும்.

---

உம்லாங்கா கவி | புதன், பகல் 12:50

பைன்டவுன் கிடங்கு மேனேஜரிடம் பேசிவிட்டேன். ஆட்களை இங்கே அனுப்புவதைவிட நாங்கள் அங்கே வருவது அவருக்கு வசதியாம். ஸ்கேனர், மேசை, அட்டை எல்லாம் அங்கேதான் இருக்கிறது, எங்களுக்கும் அதுவே நல்லது. அட்டை ஒட்டியது யார் என்றும் தெரிந்துவிட்டது, இரவு ஷிப்ட் சூப்பர்வைசர் ஒரு அம்மா. அன்று பகல் ஷிப்டுக்கு மாற்றித்தரக் கேட்டிருக்கிறேன், ஓவர்டைம் பில் எங்களுக்கு.

மே மாதம் இரண்டாவது வாரம் என்று நினைத்திருக்கிறோம். திட்டம் இந்த வாரமே ஹெச்ஆர் கைக்குப் போகும். ஐயா, டோங்காட்டிலிருந்து பைன்டவுன் உங்களுக்குத் தூரம்தான், நான் வந்து கூட்டிப்போகிறேன், காலையில் ஏழு மணிக்குத் தயாராக இருக்க முடியுமா?

---

நார்த் கோஸ்ட் ஃபிட்டர் | புதன், பகல் 1:15

ஏழுக்கு என்2 நெடுஞ்சாலையில் நெரிசல் ஆரம்பித்துவிடும். ஆறரைக்கு வா.

---

ரஸ்டன்பர்க் முருகன் | புதன், பகல் 1:40

கவி, அந்த ஸ்டாக் சரிசெய்தல் பக்கத்தை எனக்கும் அனுப்பிவையுங்கள், வாடிக்கையாளர் பெயரை அழித்துவிட்டு. வாக்கிய விதிப் பயிற்சிக்கு அதிலிருந்தே பத்து வாக்கியம் பொறுக்கித் தருகிறேன். விடையையும் தனித் தாளில் தருவேன், அரவிந்திடம் மட்டும் காட்டாதீர்கள்.